ஊசிப்புல் அங்கிள்

அவர் பெயரை நான் சொல்லப் போவதில்லை. சொன்னால் கலிஃபோர்னியாவின் லிவர்மோரில் இருக்கும் தமிழர்களில் பாதிப் பேர் "அட, அவரா!" என்பார்கள். மீதிப் பேர் வீட்டு வாசலில் அவர் என்றைக்காவது குனிந்து எதையாவது பிடுங்கிப் போட்டிருப்பார். எங்கள் தெருவில் அவருக்கு ஊசிப்புல் அங்கிள் என்று பெயர். எங்களுக்குப் பக்கத்து வீடு. போன குளிர்காலத்தில் போய்ச் சேர்ந்தார். செத்தவர்களைப் பற்றித் தப்பாகப் பேசக் கூடாது என்பார்கள். எனக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது.

அவர் நிமிர்ந்து நடந்து நான் பார்த்ததில்லை. முதுகில் ஒரு கோளாறும் இல்லை, கண்தான் எப்போதும் தரையில். கொலுவுக்கு அழைத்தால் அவர் மனைவி, எங்களுக்கு ஆன்ட்டி, உள்ளே வந்து பாட்டுப் பாடி, சுண்டல் வாங்கிக்கொண்டு வெளியே வரும்வரை அவர் நம் வீட்டு நடைபாதை ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பார். அவர்கள் போன பிறகு பார்த்தால் வாசற்படிக்குப் பக்கத்தில் வேரோடு பிடுங்கிய புல் ஒரு குவியல் கிடக்கும். வெற்றிலை பாக்கு நாம் கொடுத்தது, குப்பை அவர் கொடுத்தது.

நாங்கள் இந்த வீட்டுக்குக் குடி வந்த அன்றைக்கே அது தொடங்கிவிட்டது. பால் காய்ச்சி முடித்து வெளியே வந்தால், முன்பின் தெரியாத ஒரு மனிதர் எங்கள் புல்வெளியில் உட்கார்ந்து எதையோ தோண்டிக்கொண்டிருக்கிறார். தமிழ் முகம். யார், என்ன என்று கேட்பதற்குள் அவரே பேசினார்.

"இது இந்த மண்ணோடது இல்லம்மா. விட்டா எங்க தோட்டத்துக்கும் வந்துடும்."

"நாங்களும்தான் இந்த மண்ணோடது இல்ல, அங்கிள்" என்றேன் சிரித்துக்கொண்டே.

அவர் சிரிக்கவில்லை. "நாம விருந்தாளிம்மா. விருந்தாளி விருந்தாளி மாதிரி இருக்கணும்" என்று சொல்லிவிட்டு மறுபடி தோண்டப் போய்விட்டார்.

அப்போது எனக்கு அது பெரிய விஷயமாகத்தான் பட்டது. இவ்வளவு அடக்கமாக ஒரு மனிதரா என்று என் கணவரிடம் சொன்னேன். அடக்கம் இல்லை அது என்று புரிய எனக்குச் சில வருடங்கள் ஆயின.

அவர் கரூர்ப் பக்கத்துக்காரர். கம்ப்யூட்டர் சிப் செய்கிற கம்பெனி ஒன்றில் நெடுங்காலம் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோரும் ரிட்டயர் ஆனால் கோயில் கமிட்டியில் சேர்வார்கள், இல்லாவிட்டால் பங்குச் சந்தை பார்ப்பார்கள். இவர் புல் வளர்த்தார். பர்ப்பிள் நீடில்கிராஸ் என்று ஆங்கிலத்தில் சொல்லும் அந்தப் புல்லுக்கு ஊசிப்புல் என்று அவரே தமிழில் பேர் வைத்துக்கொண்டார். கலிஃபோர்னியா மலைகளில் ஒரு காலத்தில் எங்கு பார்த்தாலும் இருந்த புல்லாம். விரித்த பாயாகப் படராது. குத்துக் குத்தாக, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடம் விட்டு நிற்கும். வேர் ஆள் உயரத்துக்கும் கீழே இறங்கும் என்பார். ஒரு குத்து மனிதனைவிட அதிக நாள் உயிரோடிருக்கும் என்பார். வசந்தத்தில் ஊதா நிறத்தில் கதிர் விடும். விதைக்கு ஊசி மாதிரி முனை, பின்னால் நீளமாக ஒரு முறுக்கிய வால். பக்கத்தில் போனால் சாக்ஸில் ஏறிக்கொள்ளும். ஈரம் பட்டால் அந்த வால் தானாகச் சுழன்று உள்ளே திருகிக்கொண்டு போகும். என் நாயின் காதிலிருந்து ஒரு தடவை டாக்டர் அதை எடுத்தார்.

நாயைப் பற்றி அவரிடம் புகார் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "அந்த விதைய டாக்டர் தூக்கிப் போட்டுட்டாரா?"

ஊரிலிருந்து என் தம்பி வந்திருந்தபோது, எங்கள் ஊர்ப் பக்கத்து ஆல்டமாண்ட் மலைகள் கோடையில் பொன் மாதிரி ஜொலிக்கின்றன என்று படம் எடுத்துக்கொண்டு வந்து அவரிடம் காட்டினான். பாவம், தெரியாமல் மாட்டிக்கொண்டான். "அதெல்லாம் ஐரோப்பாலேருந்து மாட்டோட வந்த காட்டு ஓட்ஸ், தம்பி. வருஷா வருஷம் செத்து, வருஷா வருஷம் முளைக்கிறது. இங்க இருந்த புல்லை எல்லாம் முழுங்கிட்டு நிக்குது. நீ பார்த்தது பொன் இல்ல, பொணம்" என்றார். தம்பி அந்தப் படத்தை யாருக்கும் அனுப்பவில்லை.

ஆன்ட்டி பிள்ளையார் பக்தை. அவளுக்கு அருகம்புல் வேண்டும். ஃப்ரீமான்ட் மௌரி அவென்யூவில் கிடைக்காத இந்தியச் சாமான் கிடையாது, ஆனால் கையில் எடுத்தால் ஈரம் இருக்கிற அருகம்புல் எல்லா நேரமும் கிடைக்காது. ஆன்ட்டி ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் வளர்த்தாள். சதுர்த்தி வந்தால் தெருவே அவளிடம் போய்க் கை நீட்டும். அந்தத் தொட்டியை அங்கிள் சிமெண்ட் தரையின் நடுவில் வைத்திருந்தார், மண்ணிலிருந்து தள்ளி, சிறையில் வைப்பது போல. அதற்கு அவர் சொல்லும் நியாயம் ஒன்று உண்டு. எங்கள் தெருவில் எல்லோருக்கும் மனப்பாடம்.

"தொட்டியில இருக்கற வரைக்கும் விருந்தாளி. தரையில இறங்கினா ஆக்கிரமிப்பு."

ஒரு முறை அந்த அருகு தொட்டி விளிம்பைத் தாண்டி, சிமெண்ட் விரிசலில் வேர் விட்டு, ஊசிப்புல்லின் ஒரு குத்துக்குள் புகுந்துவிட்டது. ஊரைக் கூட்டாத குறை. குத்தையே தோண்டி எடுத்து, சாக்கு விரித்து உட்கார்ந்து, வேருக்குள் வேராகப் பின்னியிருந்த அருகை இழை இழையாகப் பிரித்தார். சாப்பிடக்கூட வரவில்லை. ஆன்ட்டி வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற என்னிடம் சொன்னாள்: "எம் பொண்ணு தலையில பேன் வந்தப்பகூட இவரு இப்படி உக்காந்து பார்த்ததில்ல." சொல்லும்போது சிரித்தாள். நானும் சிரித்தேன். அப்போதெல்லாம் சிரிக்க முடிந்தது.

கல்யாண வீடுகளில் அவரை அழைப்பதற்கே பயப்படுவார்கள். ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடி வாழ்க என்று யாராவது வாழ்த்திவிட்டால் போதும், மைக்கைப் பிடுங்காத குறையாக வருவார். "அருகு மாதிரின்னு சொல்லாதீங்க. அடுத்தவன் எடத்த முழுங்கற புல் அது. ஊசிப்புல் மாதிரி நின்ன எடத்துல நில்லுங்க, அதான் வாழ்க்கை" என்பார். மணப்பெண்ணின் தாயார் முகம் போகும் போக்கைப் பார்க்க வேண்டும்.

விதை விஷயத்தில் இன்னும் மோசம். சனிக்கிழமைதோறும் மலைப் பூங்காவில் களை எடுக்கும் தன்னார்வக் குழுவில் அவர் இருந்தார். அங்கே யாரோ ஒரு நல்ல மனுஷி, சேக்ரமெண்டோ பக்கத்திலிருந்து ஒரு பை ஊசிப்புல் விதை கொண்டுவந்து கொடுத்தாளாம். அதே புல், அதே ஜாதி. இவர் வாங்க மறுத்துவிட்டார். இந்தப் பள்ளத்தாக்கு விதைதான் இந்தப் பள்ளத்தாக்கில் விழ வேண்டும், வேற ஊர் விதை விழுந்தால் கலந்துவிடும் என்றார். "கலந்துட்டா அப்புறம் எது எதுன்னு எப்படிம்மா தெரியும்?" என்று என்னிடமும் கேட்டார்.  ஏன் தெரிய வேண்டும் என்று திருப்பிக் கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை.

அவருக்கு ஒரே பெண். மீரா. இங்கே பிறந்து இங்கே வளர்ந்தவள். நாம் தமிழில் கேட்பதெல்லாம் அவளுக்குப் புரியும், பதில் மட்டும் இங்கிலீஷில் வரும். சான் ஹோசேயில் வேலை. ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஒரு பையனை ஃப்ரெண்ட் என்று அழைத்துக்கொண்டு வந்தாள். டேனியல். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். வழக்கம்போல அங்கிள் அவனை வீட்டுக்குள் விடவில்லை, முன்தோட்டத்திலேயே மறித்து ஊசிப்புல் பாடம் நடத்த ஆரம்பித்தார். நான் தபால் எடுக்க வெளியே வந்தவள் அப்படியே நின்றேன், பாவம் யாராவது காப்பாற்ற வேண்டாமா என்று.

அவன் பொறுமையாகக் கேட்டான். கடைசியில், தன் அம்மாவைப் பெற்றவளின் ஆட்கள் இந்தப் பள்ளத்தாக்குக்காரர்கள்தான் என்று மெதுவாகச் சொன்னான். ஸ்பானியக்காரர்கள் வருவதற்கு முன்னாலிருந்தே இங்கே இருந்த பழங்குடிகளாம். பெருமையாகக்கூடச் சொல்லவில்லை. பேச்சு வந்ததால் சொன்னான். இந்தப் புல்லின் பெயர் தனக்கு இன்றைக்குத்தான் தெரியும் என்றும் சேர்த்துச் சொன்னான்.

அங்கிள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "ஏ, வெளிய வா! யார் வந்திருக்காங்க பாரு!" என்று உள்ளே பார்த்துக் கத்தினார். என்னையும் விடவில்லை. "வாம்மா, நீயும் வந்து பாரு. இந்த மண்ணோட ஆளு! ஒரிஜினல்!" அந்தப் பையன் கூச்சத்தில் நெளிந்தான். மீரா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பண்டிகைக்கு மட்டும் எடுக்கும் வெள்ளி டம்ளரில் அவனுக்குக் காபி வந்தது. போகும்போது ஊசிப்புல் நாற்று ஒன்றைத் தொட்டியோடு தூக்கி அவன் கையில் கொடுத்தார். இத்தனை வருடங்களில் ஒரு நாற்றை அவர் யாருக்கும் கொடுத்ததில்லை. நான் கேட்டே கொடுத்ததில்லை.

"இட் இஸ் யுவர்ஸ். ஐ வாஸ் ஒன்லி கீப்பிங் இட்" என்றார். 

நானும்தான் நெகிழ்ந்துபோனேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிகிறது.

அடுத்த வாரம் மீரா எனக்கு ஃபோன் செய்தாள். டேனியலைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாள், அதை அப்பாவிடம் சொல்லப் போகிறாள், நானும் வர வேண்டும். "இஃப் யூ ஆர் தேர், ஹீ வோண்ட் ஷவுட், ஆன்ட்டி." எனக்கென்னவோ பயமே இல்லை. வெள்ளி டம்ளரில் காபி கொடுத்த மனிதர், கட்டித் தழுவிக்கொள்ளப் போகிறார் என்று நம்பிக்கொண்டு கேசரி கிளறி எடுத்துப் போனேன்.

அவர் கத்தவில்லை. அது உண்மை. மகள் சொல்லி முடித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார்.

"நம்ம ஆளு இல்ல" என்றார்.

"ஏங்க, போன வாரம் நீங்கதானே…" என்று ஆன்ட்டி ஆரம்பித்தாள்.

"புல் வேற, பொண்ணு வேற."

அவ்வளவுதான். கரூரில் இரண்டு ஜாதகம் பார்த்து வைத்திருப்பதாகச் சொன்னார். நல்ல குடும்பம், நம் பக்கம், ஆதியிலிருந்து யார் யாருக்குப் பிறந்தார்கள் என்று தெரிந்த குடும்பம் என்றார். டேனியல் நல்ல பையன்தான், எப்போது வேண்டுமானாலும் வீட்டுக்கு வரட்டும், சாப்பிடட்டும், தோட்டத்தைப் பார்க்கட்டும் என்றார். விருந்தாளியாக. அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு அருகம்புல் தொட்டி ஞாபகம் வந்தது. மனிதர் மாறவே இல்லை, முன்தோட்டத்தில் சொன்னதைத்தான் ஹாலிலும் சொல்கிறார். நாங்கள்தான் அதைப் புல்லைப் பற்றிய பேச்சு என்று இத்தனை நாள் நினைத்திருந்தோம்.

மீரா அன்றைக்குத்தான் தமிழில் பேசினாள். உடைந்த தமிழ்தான். ஆனால் ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாக வந்தது.

"அப்பா, அவன் இந்த மண்ணு. நான் இங்க பொறந்தேன். அப்ப இந்த ரூம்ல வெளிய இருந்து வந்தது யாரு?"

அவர் எழுந்து வெளியே போனார். ஜன்னல் வழியாகப் பார்த்தால் வழக்கமான இடத்தில் குனிந்து உட்கார்ந்திருந்தார். கேசரியை யாரும் தொடவில்லை.

மீரா கேட்டது ஒன்றே ஒன்று. சம்மதம்கூட அவள் கேட்கவில்லை. கல்யாணத்தன்று அப்பா வந்து நிற்க வேண்டும். பாலில் அருகம்புல்லைத் தோய்த்து மணமக்கள் தலையில் தொட்டு வாழ்த்துவது அவர்கள் வீட்டு வழக்கம். முதலில் பெண்ணின் அப்பா தொட வேண்டும். தொட்டுவிட்டு ஒரு வார்த்தையும் பேசாமல் திரும்பிப் போகட்டும், போதும் என்றாள். ஆன்ட்டி அதற்காகத் தொட்டிக்குத் தினமும் தண்ணீர் ஊற்றினாள். வருவார், எங்கே போவார், பெற்றவர்தானே என்று என்னிடம் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

கல்யாணம் மலைப் பூங்காவில் ஓக் மரத்தடியில், காலை நேரம். நான் காரை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டு வாசலில் போய் நின்றேன். ஆன்ட்டி பட்டுப்புடவையில், மடியில் ஒரு டப்பா பால், ஈரத்துணியில் சுற்றிய அருகம்புல். அவர் பழைய பேண்ட்டில் தோட்டத்தில் குனிந்திருந்தார். நான் இறங்கிப் போனேன்.

"அங்கிள், பொண்ணு காத்துக்கிட்டிருக்கா. சட்டைகூட மாத்த வேண்டாம், அப்படியே வாங்க."

"இந்த ஓட்ஸைப் பார்த்தியா? கதிர் முத்திடுச்சு. இன்னிக்கு வெய்யில் ஏறறதுக்குள்ள பிடுங்கலன்னா விதை கொட்டிடும்மா. அப்புறம் அடுத்த வருஷம் பூரா இதே வேலை" என்றார். தலையை நிமிர்த்தவில்லை.

நான் கையெடுத்துக் கும்பிட்டேன். எனக்கு அது வழக்கமில்லை, கடவுள் முன்னால்கூட நான் சோம்பல்படுகிறவள். அவர் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் வந்திருக்க மாட்டார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்பவரிடம் கும்பிட்டு என்ன ஆகப் போகிறது?

அன்றைக்கு அப்பாவின் இடத்தில் யாரும் நிற்கவில்லை. ஆன்ட்டி தனியாகப் போய்ப் பாலில் புல்லைத் தோய்த்து இருவர் தலையிலும் தொட்டாள். தோய்த்த பால் மீராவின் நெற்றியில் வழிந்து கண் மையைக் கரைத்தது. எல்லோரும் அவள் அழுவதாக நினைத்தார்கள். அவள் அழவில்லை. பூங்கா வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு மீராவுக்குப் பிள்ளை பிறந்தது. பிரசவம் பார்க்க ஃப்ரீமான்டில் மகள் வீட்டுக்குப் போன ஆன்ட்டி திரும்பி வரவில்லை. சண்டை போட்டுக்கொண்டு போகவில்லை. போன இடத்தில் அப்படியே தங்கிவிட்டாள். அவர் தயிர்சாதமும் டோஸ்ட்டும் சாப்பிட்டுக்கொண்டு தனியாக இருந்தார். மனசு கேட்காமல் சில நாள் சாம்பார் கொடுத்தனுப்புவேன். பாத்திரத்தைக் கழுவிக் கொண்டுவந்து வைத்துவிட்டு, என் வாசலில் ஒரு களையைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் போவார். "தனியா இருக்கீங்களே அங்கிள், ஒரு தடவை ஃப்ரீமான்ட் போய்ட்டு வரக் கூடாதா?" என்று கேட்டால், "ஸ்பிரிங் முடியட்டும்மா" என்பார். ஸ்பிரிங் முடிந்தால் கோடை, தண்ணீர் ஊற்ற வேண்டும். கோடை முடிந்தால் நாற்று நட வேண்டும். நின்ற இடத்தில் நிற்பது வாழ்க்கை என்று ஊரெல்லாம் வாழ்த்திய மனிதர், சொன்ன சொல் தவறாமல் நின்றார்.

நான் சொல்ல வந்தது கடைசியாக நடந்த ஒன்றை. அவர் போவதற்கு முந்தைய வசந்தம். ஆன்ட்டி தன் பிள்ளையார் சிலையை எடுத்துப் போக வந்தாள். மீராதான் கார் ஓட்டி வந்தாள். தெருவிலேயே நிறுத்தி, இறங்காமல் உட்கார்ந்திருந்தாள். ஆன்ட்டி உள்ளே போனதும், பின் சீட்டிலிருந்து பையன் கதவைத் திறந்துகொண்டு குதித்துவிட்டான். நான்கு வயது இருக்கும். நேரே ஊசிப்புல்லுக்குள் ஓடினான். ஊதா நிறம் வெளுத்து விதை முத்தியிருந்த நேரம். இரண்டு நிமிடத்தில் சாக்ஸ் முழுக்க ஊசி. குத்த ஆரம்பித்ததும் அப்படியே நின்று அழத் தொடங்கினான்.

அங்கிள் கராஜிலிருந்து வந்தார். மீரா பாதி இறங்கியவள், கார்க் கதவைப் பிடித்தபடி நின்றுவிட்டாள். நான் என் பக்கத்து வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.  தூக்கு, தூக்கிவிடு, அது போதும் என்று மனசுக்குள் சொன்னேன்.

"டோண்ட் மூவ்" என்றார். பையன் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு கவரை எடுத்தார். சாக்ஸிலிருந்து ஒவ்வொரு விதையாக, முனை உடையாமல், வால் அறுபடாமல் பிடுங்கிக் கவருக்குள் போட்டார். அவர் விரல்கள் அவ்வளவு மென்மையாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. பையன் அழுகையை நிறுத்திவிட்டு அவர் தலையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்கு அவர் மூக்கு, அச்சு அசல். தெருக்கோடியிலிருந்து பார்த்தாலே தெரியும்.

"வீ ஹேவ் திஸ் கிராஸ். டாடி ஹேஸ் ஒன்" என்றான் பையன்.

அவர் கை நின்றது. முதல் தடவையாக நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தார்.  மீரா கார்க் கதவை விட்டுவிட்டு ஓரடி முன்னால் வந்தாள்.

"ஹவ் இஸ் இட் டூயிங்?" என்று கேட்டார்.

புல்லைப் பற்றிக் கேட்டார். பிள்ளையின் பெயரைக்கூடக் கேட்கவில்லை. பையன் இரண்டு கைகளையும் விரித்து, இவ்வளவு பெரிசு என்று காட்டினான். அவர் முகம் மலர்ந்துவிட்டது. திருப்தியாகத் தலையை ஆட்டிவிட்டுக் குனிந்து மிச்சம் இருந்த விதைகளையும் எடுத்தார். மீரா காருக்குள் போய் உட்கார்ந்துகொண்டாள்.

எடுத்து முடித்ததும் பையன் காலைத் தூக்கிப் பார்த்தான். இப்போது குத்தவில்லை. வீட்டில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், நல்ல பழக்கம்.

"தேங்க் யூ, மிஸ்டர்" என்றான்.

அவர் கவரின் வாயை மடித்தார். ஒரு கையைத் தரையில் ஊன்றி மெதுவாக எழுந்தார். பையன் காரை நோக்கி ஓடுவதைக்கூடப் பார்க்காமல் கராஜுக்குள் போனார். ஒரு விதைகூடக் கீழே சிந்தவில்லை.